கோரேத் தீவு: ஸ்தலபுராணமும் சரித்திரமும்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில், செனகல் நாட்டின் தலைநகரான டாக்கருக்கு எதிரே, துறைமுகத்தில் படகேறினால் இருபது நிமிஷத்தில் சென்று சேரக்கூடிய தூரத்தில், கோரே என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. ஏறத்தாழத் தொள்ளாயிரம் மீட்டர் நீளமும் முந்நூறு மீட்டர் அகலமும் கொண்ட அந்த எரிமலைப் பாறைத் திட்டின் மொத்தப் பரப்பு 28 ஹெக்டேர். ஏக்கர்க் கணக்கில் சொன்னால் எழுபதுக்கும் குறைவு. மோட்டார் வண்டி ஓடாத குறுகிய வீதிகளும், காவியும் மஞ்சளும் பூசிய பழைய கல்வீடுகளும், அவற்றின் மதில்களுக்கு மேலே சரிந்து தொங்கும் காகிதப்பூக் கொடிகளும், ஆங்காங்கே பருத்து நிற்கும் பவோபாப் மரங்களுமாக, பார்த்த மாத்திரத்தில் மனத்தை இலகுவாக்கும் ஸ்தலம் அது. ஆயினும் அங்கே வருவோரில் பெரும்பாலோர் மனத்தை இலகுவாக்கிக் கொள்ள வருவதில்லை. 1978-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதற் பட்டியலை வகுத்தபோது அதில் இடம்பெற்ற பன்னிரண்டு இடங்களில் கோரேயும் ஒன்றாக இருந்ததற்குக் காரணம், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் நினைவுச் சின்னமாக உலகம் அதைக் கருதியதேயாகும்.

1991-ல் நெல்சன் மண்டேலாவும், 1992-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலும், 1998-ல் கிளின்டனும், 2003-ல் புஷ்ஷும், 2013-ல் ஒபாமாவும் அந்தத் தீவின் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அதன் இருண்ட நடையின் முடிவில் கடலை நோக்கித் திறந்திருக்கும் ஒரு வாயிலில் நின்றிருக்கிறார்கள். போப்பாண்டவர் அங்கே நின்று, கிறிஸ்தவர்கள் இழைத்த பாவத்திற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். ஆண்டுதோறும் வந்துபோகும் ஆயிரக்கணக்கான பிரயாணிகள் அதே வாயிலில் நின்று கண்ணீர் விடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றி அதன் வழிகாட்டிகள் அரை நூற்றாண்டுக் காலம் சொல்லிவந்த செய்திகளில் பல, ஆவணங்களைக் கொண்டு பார்க்கும்போது நிற்கவில்லை என்பதை வரலாற்று ஆசிரியர்கள் நிறுவியிருக்கிறார்கள். இந்த முரண்பாட்டை நாம் எவ்வாறு ஏற்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் கோயில்களை அறிந்தவர்களுக்கு இந்த நிலை புதிதாகத் தோன்றாது. பிராகாரத்தைச் சுற்றிக் காட்டும் பெரியவர் ஸ்தலபுராணத்தைச் சொல்லிக்கொண்டு போவார்; அவர் தோள் உரசிச் செல்லும் அதே சுவரில், அந்த மண்டபத்தை யார் கட்டினார், எந்த நிலத்தை எந்த ஆண்டில் யார் எழுதிவைத்தார் என்னும் விவரங்கள் கல்வெட்டாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறுத்தாலும் கேட்பவர் மனத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. கோரேயிலும் ஸ்தலபுராணம் ஒன்று இருக்கிறது, கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பிரயாணிகளுக்குச் சொல்லப்படுவது முதலாவது. இரண்டாவதைத் தேடிப் படிப்பவர் சிலரே.

தீவும் அதன் எஜமானர்களும்

போர்த்துக்கீசியர் 1444-ல் இத்தீவை அடைந்தனர். பின்னர் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றி, தாழ்ந்த பகுதியில் ஒரு கோட்டையும் தெற்கே உயர்ந்த குன்றின்மேல் மற்றொரு கோட்டையும் எழுப்பி, வியாபாரத் தளமாக்கிக் கொண்டனர். 1664-ல் ஆங்கிலேயர் அதைப் பறிக்க, அதே ஆண்டிலேயே டச்சுத் தளபதி டி ரைட்டர் மீட்டார். 1677-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தெஸ்த்ரே டச்சுக்காரரை அங்கிருந்து அடியோடு வெளியேற்றினார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தீவை மாற்றி மாற்றிக் கைக்கொண்டு, 1817-ல்தான் அது பிரான்சின் கையில் நிலைத்தது. நல்ல ஊற்றுநீர் கிடையாத, விளைநிலமும் இல்லாத ஒரு பாறைக்காக ஐரோப்பாவின் பெரிய வல்லரசுகள் இவ்வளவு முறை பொருதியதற்குக் காரணம் அதன் இருப்பிடமே. கடற்காற்றின் வேகத்துக்கு மறைவான ஒரு குடாவில், கண்டத்துக்கு அருகிலும் அதே சமயம் கண்டத்து அரசர்களின் கைக்கு எட்டாமலும் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நிற்க அது இடமளித்தது. தண்ணீரும் தானியமும் எதிர்க்கரையிலிருந்து படகில் வந்தன. மழைநீரை வீடுதோறும் தொட்டிகளில் தேக்கினார்கள்.

பிரயாணி படகிலிருந்து இறங்கும் சிறு துறை இந்தக் குடாவில்தான் இருக்கிறது. அங்கிருந்தே வழிகாட்டிகளின் பேச்சு தொடங்குகிறது. தீவைச் சுற்றிக் காட்டும் கிரமம் பெரும்பாலும் மாறுவதில்லை: துறையை அடுத்த சதுக்கம், பழைய வணிகர் வீடுகள், அடிமைகள் வீடு, தேவாலயம், குன்றின்மேல் உள்ள பீரங்கிகள், மணலை ஒட்டிச் சித்திரம் தீட்டும் கலைஞர்களின் குடில்கள், பிறகு மீண்டும் துறை. ஒரு முற்பகலில் முடிந்துவிடும் இந்தச் சுற்றில் அடிமைகள் வீடே மூலஸ்தானம்; மற்றவை யாவும் அதைச் சூழ்ந்த உபசந்நிதிகளாகவே கருதப்படுகின்றன.

சிஞார்களின் மாளிகைகள்

அடிமைகள் வீட்டுக்குப் போகுமுன், அதை ஒத்த மற்ற வீடுகளைக் கவனித்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில் அந்த ஒரு வீட்டைப் பற்றிய உண்மை இந்த எல்லா வீடுகளுக்கும் பொதுவான அமைப்பில்தான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கோரேயில் செல்வமும் செல்வாக்கும் ஒரு விசேஷமான பெண்கள் கூட்டத்தின் கையில் இருந்தன. சிஞார் என்று அவர்களை அழைத்தார்கள். ஆப்பிரிக்கப் பெண்களும், ஐரோப்பியத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்த பெண்களுமாகிய இவர்கள், வியாபாரக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களை அந்நாட்டு வழக்கப்படி மணந்தார்கள். கணவன் தன் தேசத்துக்குத் திரும்பிவிட்டால் அந்த மணம் முடிந்துபோகும். வீடும் பொருளும் அவன் குலப்பெயரும் மனைவிக்கும் மக்களுக்கும் நிற்கும். மனைவி மறுமணம் செய்துகொள்ளலாம்; சேர்த்த சொத்தைப் பெருக்கலாம். இவ்வாறு இரண்டு மூன்று தலைமுறைகளில் தீவின் சிறந்த வீடுகளுக்கும், ஆற்றுவழி வியாபாரத்துக்குப் போகும் படகுகளுக்கும், அவற்றில் உழைக்கும் ஆட்களுக்கும் இப்பெண்களே உடைமைக்காரர்களாயினர். 1786-87-ல் கவர்னராக இருந்த பூஃப்ளேர் பிரபுவின் காதற்கிழத்தியாக விளங்கிய ஆன் பெப்பேன் இவர்களுள் பெயர்பெற்றவள்.

அவர்கள் வீடுகளின் அமைப்பு ஒரே மாதிரியானது. மேல்மாடியில் காற்றோட்டமான கூடங்களும் படுக்கையறைகளும், கடலைப் பார்த்த தாழ்வாரமும். கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிப் பண்டசாலைகளும் சிறு அறைகளும். மேலே குடும்பம் வாழ்ந்தது. கீழே சரக்கும், சரக்கைப்போலவே உடைமையாகக் கருதப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள். அந்த மனிதர்கள் யார் என்பதுதான் முக்கியமான விஷயம். கப்பலேற்றி விற்பதற்காக உள்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டுச் சில வாரங்கள் அடைத்து வைக்கப்பட்டவர்கள் ஒரு சாரார். அதே வீட்டில் பிறந்து, அதே வீட்டில் தானியம் குத்தி, சமைத்து, துணி துவைத்து, கொத்துவேலையும் தச்சுவேலையும் கற்று, படகு செலுத்தி, அங்கேயே இறந்துபோன வீட்டடிமைகள் மற்றொரு சாரார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவில் குடியிருந்தவர்களில் சுதந்திரர்களைவிட இவர்களே அதிகம். இன்று பிரயாணி வியந்து படம்பிடிக்கும் ஒவ்வொரு சுவரும், தீவின் கருங்கல்லை உடைத்துச் சிப்பிகளைச் சுட்ட சுண்ணாம்பு கொண்டு இவர்கள் கைகளால் கட்டியது. பிரயாணிக்குச் சொல்லப்படும் கதையில் முதல் சாரார் முழு இடத்தையும் பிடித்துக்கொள்ள, இரண்டாமவர் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டனர்.

அடிமைகள் வீடு

இனி அந்த வீடு. செம்மண் நிறச் சுவர். உள்ளே ஒரு முற்றம். முற்றத்தில் இரு கைகளாக வளைந்து ஏறி மேலே ஒன்றுசேரும் படிக்கட்டு. அந்தப் படிகளுக்கு நடுவே, நேர்க்கோட்டில், இருண்ட நடை. நடையின் முடிவில் வெளிச்சமும் கடலும். 1962-ல் காட்சிசாலையாக ஆக்கப்பட்ட இந்த வீட்டை உலகறியச் செய்தவர் அதன் காப்பாளராகப் பல்லாண்டு விளங்கிய பூபகார் ஜோசப் ந்தியாய். 1922-ல் பிறந்து, இரண்டாம் உலக யுத்தத்தில் பிரெஞ்சுப் படையில் போர்வீரராக இருந்து, பின்னர் இவ்வீட்டின் காவலையும் கதையையும் தம் வாழ்நாட் பணியாக ஏற்று, 2009-ல் மறைந்த அவர், சாதாரண வழிகாட்டிகளின் வரிசையில் வைத்தெண்ணத் தக்கவரல்லர். கையில் விலங்கை எடுத்துக் காட்டி, குரலை ஏற்றியும் இறக்கியும் அவர் நிகழ்த்திய பிரசங்கத்தைக் கேட்டவர்கள் அதை வாழ்நாளில் மறந்ததில்லை என்பார்கள். மனிதக் கொடுமையைப் பற்றித் தாமே இயற்றிய வாசகங்களைக் கையால் எழுதிச் சுவரெங்கும் ஒட்டி வைத்திருந்தார்.

அவர் சொன்னதின் சாரம் இது. கீழ்த்தளத்தின் அறைகளில் ஆண்கள் ஓர் அறையில், பெண்கள் ஓர் அறையில், குழந்தைகள் ஓர் அறையில் பிரித்து அடைக்கப்பட்டனர். இரண்டரை மீட்டர் சதுரத்துக்குச் சற்றே மேற்பட்ட ஓர் அறையில் பதினைந்து இருபது பேர் சுவரோடு பிணிக்கப்பட்டுக் கிடந்தனர். அறுபது கிலோ எடைக்குக் குறைந்த ஆண்களைத் தனியே வைத்து, மாட்டைக் கொழுக்க வைப்பதுபோல் தீனி கொடுத்து எடை ஏற்றினர். எடை சேர்ந்ததும், கடலை நோக்கிய அந்தக் கடைசி வாயில் வழியாக அவர்களைக் கப்பலேற்றினர். அதைக் கடந்தவர் மீண்டதில்லை. இவ்வாறு போனவர்கள் பத்து லட்சத்துக்கும் அதிகம் என்று சில சமயமும், அதனினும் பன்மடங்கு என்று சில சமயமும் அவர் சொல்வது உண்டு. டச்சுக்காரர் 1776-ல் இவ்வீட்டைக் கட்டினர் என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்து நீண்ட காலம் வழங்கிவந்தது.

எண்களின் வழக்கு

கடைசிச் செய்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அதைச் சோதிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. டச்சுக்காரர் தீவை இழந்தது 1677-ல். நூறு ஆண்டு கழித்து அங்கே அவர்கள் வீடு கட்டியிருக்க முடியாது. 1776 என்னும் ஆண்டு ஏறத்தாழச் சரி; கட்டியவர்தாம் வேறு. பெப்பேன் குடும்பத்தைச் சேர்ந்த, ஆப்பிரிக்க இரத்தமும் பிரெஞ்சு இரத்தமும் கலந்த உள்ளூர் வணிகர்களின் வீடு அது. அப்படியானால் அந்த நடை, அந்த வாயில்? அவ்விடத்துக் கரை பாறைகள் செறிந்தது. கப்பல் அண்டுவதற்கு ஏற்றதன்று. ஆட்களை ஏற்றவும் சரக்கு இறக்கவும் வசதியான மணற்கரை சற்றுத் தொலைவில், குடாவிலேயே இருக்க, பாறைமேல் ஆட்களை இறக்கி ஏற்ற எந்த மாலுமியும் முற்பட்டிருக்க மாட்டான். கடற்காற்று வீட்டுக்குள் வருவதற்கும் அன்றாட வீட்டு உபயோகத்துக்குமாக அமைந்த வாயில் அது என்பதே ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம்.

அடுத்தது தொகை. அமெரிக்க வரலாற்று ஆசிரியரான பிலிப் கர்ட்டின் 1969-ல் வெளியிட்ட நூலில், அதுவரை ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்துச் சொல்லிப் பெருகிவந்த ஊகக் கணக்குகளைத் தள்ளிவிட்டு, கப்பல்களின் பதிவேடுகளையும் சுங்க ஏடுகளையும் வைத்து அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தின் அளவை முதல்முதலாக முறைப்படி மதிப்பிட்டார். செனகாம்பியப் பிரதேசத்தின் பொருளாதார வரலாற்றையும் அவர் தனியே ஆராய்ந்து எழுதியவர். அவருக்குப் பின்வந்த அறிஞர்கள் சுமார் முப்பத்தாறாயிரம் கப்பற் பிரயாணங்களின் விவரங்களைத் திரட்டி அந்தக் கணக்கை விரிவாக்கினார்கள். அவற்றின்படி ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம். உயிருடன் அக்கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். இவர்களில் காங்கோ, அங்கோலாக் கரைகளிலிருந்து போனவர்கள் மட்டும் ஏறக்குறைய 57 லட்சம். செனகல், காம்பியா ஆறுகளை அடுத்த பிரதேசம் முழுவதிலுமிருந்து போனவர்கள் ஏழரை லட்சம் அளவில். அதிலும் காம்பியா ஆற்றுத் துறைகளுக்கும் செயின்ட் லூயி நகரத்துக்கும் உரிய பங்கைக் கழித்தபின் எஞ்சும் ஒரு பகுதியே கோரேயினுடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சில நூறு பேரே அத்துறையிலிருந்து ஏற்றப்பட்டனர் என்று கர்ட்டின் வாதித்தார். மொத்தத் தொகை பதினாயிரக் கணக்கில் நிற்குமேயன்றி லட்சங்களை எட்டாது. அங்கோலாவின் லுவாண்டாவோடும், இன்றைய பெனின் நாட்டின் விதா துறைமுகத்தோடும் ஒப்பிட்டால் கோரே மிகச் சிறிய துறையே.

1996-ன் இறுதியில் பாரிஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்று இந்த வாதத்தைப் பெரிதாக வெளியிட்டதும் செனகலில் கோபம் பொங்கியது. அடிமை வியாபாரம் நடந்ததையே மறுக்கும் சதி இது என்று சிலர் சினந்தார்கள். ஐரோப்பாவில் யூதர் படுகொலையை மறுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பேசியவர்களும் உண்டு. மறு ஆண்டிலேயே கோரேயைப் பற்றிய ஆராய்ச்சி மாநாடு ஒன்று கூடிற்று. அதில் கலந்துகொண்ட செனகல் நாட்டு வரலாற்று ஆசிரியர்களும், தொகை விஷயத்தில் ஆவணங்களின் சாக்ஷியத்தைப் புறக்கணிக்க இயலாது என்பதை ஒப்பினர். ஆகவே இது வெள்ளையர் ஒரு புறமும் ஆப்பிரிக்கர் ஒரு புறமுமாக நின்று நடத்திய வழக்கு என்று எண்ணுவது தவறு.

ந்தியாயின் தரப்பில் சொல்லக்கூடிய நியாயங்கள் இல்லாமல் இல்லை. ஆவணங்களை எழுதிவைத்தவர்கள் விற்றவர்களே. விற்கப்பட்டவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. சுங்கத்தை ஏமாற்றிப் போன கப்பல்களும், தடைச்சட்டம் வந்தபின் மறைவில் நடந்த வியாபாரமும் ஏடுகளில் ஏறியிரா. கல்லறை இல்லாமல், பெயர் இல்லாமல், ஊர் தெரியாமல் போன கோடிக்கணக்கானவர்களுக்கு அழுவதற்கென்று உலகில் ஓரிடம் வேண்டும். அமெரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் தம் மூதாதையரைத் தேடி வருபவர் எந்தக் கரையில் நிற்பது என்று தெரியாமல் தவிக்கையில், அவர்களுக்கு ஒரு வாயிலைக் காட்டியவர் ந்தியாய். இந்த நியாயங்களுள் முதல் இரண்டும் தொகையைச் சற்று உயர்த்தலாம். சில நூறுகளைப் பல்லாயிரங்களாக்க அவற்றால் ஆகாது. மூன்றாவது நியாயமோ தொகையைச் சார்ந்ததே அன்று. நினைவுக்கு ஒரு ஸ்தலம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டால், அந்த ஸ்தலத்தில் பத்து லட்சம் பேர் நின்றிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை எதற்கு? பத்தாயிரம் பேரின் துயரம் துயரமாகாதா?

பெருந்தொகை மறைத்தது

தொகையை மிகைப்படுத்தியதால் விளைந்த தீங்கு, கணக்குப் பிழையோடு நிற்கவில்லை என்பதே இங்கு வற்புறுத்த வேண்டிய விஷயம். பல லட்சம் பேரை வாங்கி அடைத்து ஏற்றிய இடம் என்று ஒரு வீட்டைச் சொல்லும்போது, அதை ஒரு சிறைச்சாலையாக, ஒரு யந்திரமாக, எங்கிருந்தோ வந்த அந்நியரின் கொடுங்கூடமாகச் சித்திரிக்க நேர்கிறது. டச்சுக்காரர் கட்டினர் என்ற தவறும் அந்தச் சித்திரத்துக்குப் பொருந்திப் போயிற்று. கேட்பவர் கோபத்தோடும் கண்ணீரோடும் வெளியேறுகிறார். குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழுவதில்லை.

உண்மையான வீடு இவ்வளவு எளிதில் நம்மை விடாது. அங்கே வாழ்ந்தது ஒரு குடும்பம். மாலையில் மேல்மாடியில் விருந்து நடந்தது. குழந்தைகள் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். வீட்டுத் தலைவி, தன் தாய்வழிப் பாட்டி அடிமையாகவே இருந்திருக்கக்கூடிய ஓர் ஆப்பிரிக்கப் பெண், கீழே தானியம் குத்துபவளின் பெயரை அறிந்திருந்தாள். அவள் பிள்ளை பெற்றபோது பார்த்தும் இருப்பாள். அந்தப் பிள்ளையைத் தன் சொத்தாகக் கணக்கிலும் எழுதியிருப்பாள். கொடுமை அங்கே ஆரவாரமின்றி, தினசரி வாழ்க்கையின் ஒழுங்காக நடந்தது. 1848-ல் பிரெஞ்சுக் குடியரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபோது, மறு ஆண்டில் ஒரு சட்டம் செய்து நஷ்டஈடு வழங்கியது. அந்த ஈடு அடிமைகளுக்குப் போகவில்லை, அவர்களை இழந்த உடைமைக்காரர்களுக்கே போயிற்று. செனகலின் கலப்புக் குடும்பங்களும் அதைப் பெற்றுக்கொண்டன. இந்த ஒரு செய்தி, ஆயிரம் விலங்குகளைக் காட்டுவதைவிட அந்தக் காலத்தின் மனப்பான்மையை நமக்கு நன்றாக உணர்த்தும்.

வழிகாட்டி விரைந்து கடக்கும் இடங்கள்

அடிமைகள் வீட்டைப் பார்த்தபின் பிரயாணிகளின் உற்சாகம் குன்றிவிடுகிறது. ஆகவே தீவின் பிற்காலத்தைக் காட்டும் இடங்களை வழிகாட்டிகள் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். அவற்றுள் இரண்டையேனும் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, வில்லியம் போன்ட்டி ஆசிரியப் பயிற்சிப் பள்ளி இருந்த இடம். 1913 முதல் கால் நூற்றாண்டுக் காலம் இத்தீவில் நடந்த அப்பள்ளியில் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட மாணவர்கள் பயின்றார்கள். குடியேற்ற அரசுக்குக் கீழ்ப்படியும் ஆசிரியர்களையும் எழுத்தர்களையும் உருவாக்குவதே அரசின் உத்தேசம். ஆனால் ஐவரி கோஸ்ட்டின் முதல் ஜனாதிபதியான ஊஃபுவே-புவாஞியும், மாலியின் முதல் ஜனாதிபதியான மோதிபோ கெய்த்தாவும், செனகலின் முதல் பிரதம மந்திரியான மமதூ தியாவும் அப்பள்ளியின் மாணவர்களே. ஒரு பிரதேசத்தின் அடிமை வரலாற்றுக்கும் விடுதலை வரலாற்றுக்கும் இடையே சில நூறு கஜ தூரமே இருப்பதைக் கோரேயில் காணலாம். 1914-ல் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பு ஆப்பிரிக்கரான பிளேஸ் தியாஞ் பிறந்ததும் இத்தீவில்தான், 1872-ல். எளிய பெற்றோருக்குப் பிறந்த அவரை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தது ஒரு கலப்பினக் குடும்பம்.

இரண்டாவது, தீவின் வடகோடியில் நிற்கும் வட்டமான தெஸ்த்ரே கோட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டு, பிறகு நெடுங்காலம் சிறையாக இருந்த அதில், 1989 முதல் வரலாற்றுக் காட்சிசாலை இயங்குகிறது. கற்காலம் தொடங்கிச் சுதந்திரம் வரையில் செனகலின் கதையை அறை அறையாக அது கூறுகிறது. அடிமை வியாபாரத்துக்கும் அதில் தக்க இடம் உண்டு. ஸ்தலபுராணத்துக்கு அடிமைகள் வீடு எப்படியோ, கல்வெட்டுக்கு இக்கோட்டை அப்படி. பிரயாணிகளின் கூட்டம் முன்னதில் நெரிகிறது. பின்னதில் அவ்வளவு இல்லை.

புதுச்சேரியின் நீலத்துணி

கோரேயின் கதை நமக்குத் தொலைவானது என்று எண்ணும் தமிழருக்கு இன்னுமொரு செய்தி உண்டு. அடிமைகளுக்கும், செனகல் ஆற்றங்கரையில் கிடைத்த வேலம்பிசினுக்கும் விலையாக வியாபாரிகள் கொடுத்த சரக்குகளில் இரும்பும் சாராயமும் துப்பாக்கியும் இருந்தன. அவற்றோடு இந்தியப் பருத்தித் துணியும் இருந்தது. சிறப்பாக, அவுரிச் சாயத்தில் ஆழத் தோய்த்த, கினி என்று பெயர் பெற்ற நீலத்துணி புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய், அங்கிருந்து செனகலுக்கு வந்தது. 1719-க்குப் பின் இந்தியாவிலும் செனகலிலும் வியாபார உரிமை ஒரே பிரெஞ்சுக் கம்பெனியிடம் இருந்ததால் இந்தப் போக்குவரத்து இயல்பாகவே அமைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரிக் குறிப்பை வாசித்தவர்களுக்கு, கம்பெனிக்குத் துணி சேகரிப்பது அக்காலப் புதுச்சேரியின் அன்றாடக் கவலையாக இருந்தது தெரியும். அந்தச் சிப்பங்களில் ஒரு பகுதி எந்தக் கரையில் அவிழ்க்கப்பட்டது என்பதை நெய்தவர்களும் தோய்த்தவர்களும் அறிய வழியில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துணி செனகல் ஆற்றங்கரையில் நாணயமாகவே புழங்கியது. பிசினின் விலையைத் துணி உருப்படிகளின் எண்ணிக்கையால் சொன்னார்கள். ஐரோப்பிய ஆலைகள் மலிவான போலித் துணியை அனுப்பியபோது, பாலைவனத்து வியாபாரிகள் தொட்டும் முகர்ந்தும் பார்த்து, புதுச்சேரித் துணி இதுவன்று என்று தள்ளிவிட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய முதல் நூலாலைகளும் செனகலின் தேவையை நம்பியே எழுந்தன. யுத்தங்களிலும் இரண்டு ஊர்களின் விதியும் ஒன்றாகவே இருந்தது: ஏழாண்டுப் போரில் 1758-ன் இறுதியில் ஆங்கிலத் தளபதி கெப்பல் கோரேயைப் பிடித்தார், 1761-ன் தொடக்கத்தில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, 1763-ன் பாரிஸ் உடன்படிக்கையால் இரண்டும் பிரான்சுக்குத் திரும்பின. 1848-ல் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குப் பிரதிநிதியை அனுப்பும் உரிமையைச் செனகலும் பிரெஞ்சிந்தியாவும் சேர்ந்தே பெற்றன. கோரேயைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஒருவர் இந்தத் துணியின் ஒரு முழத்தைக் கையில் எடுத்துக் காட்டுவாரானால், அடிமை வியாபாரம் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்ற மூன்று மூலைகளுக்குள் முடிந்த விவகாரம் என்னும் எண்ணம் கேட்பவர் மனத்திலிருந்து அகலும்.

முடிவாக

ஸ்தலபுராணத்தை இடித்துத் தள்ளிக் கல்வெட்டை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் கோரவில்லை. ந்தியாய் என்னும் ஒரு மனிதரின் குரல் இல்லாதிருந்தால் கோரேயைக் காப்பதற்கென்று 1980-ல் யுனெஸ்கோ விடுத்த வேண்டுகோளுக்கு உலகம் அவ்வளவு செவி சாய்த்திருக்குமா என்பது சந்தேகமே; அலைகள் அரித்துவரும் அத்தீவின் சுவர்கள் இன்று நிற்பதில் அந்தக் குரலுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் நினைவைத் தாங்க உண்மை போதுமானது. மிகையை அதன்மேல் ஏற்றினால், மிகை ஒருநாள் வெளிப்படும்போது நினைவையும் சேர்த்துச் சந்தேகிக்கும்படி ஆகிவிடும். அடிமை வியாபாரத்தின் கொடுமையைக் குறைத்துப் பேச விரும்புவோருக்கு, கோரேயின் தவறான தொகை ஒரு நல்ல ஆயுதமாகப் பயன்பட்டதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே, பழைமை நிறைந்த எந்த ஸ்தலத்துக்குச் செல்பவரும் வழிகாட்டி சொல்வதைப் பொறுமையோடும் மரியாதையோடும் கேட்க வேண்டும். கேட்டபின், யார் கட்டினார், யார் வாழ்ந்தார், யார் உழைத்தார், யார் பணம் பெற்றார் என்னும் நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். கோரேக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் தமிழர்கள் அடிமைகள் வீட்டோடு திரும்பிவிடாமல் வடகோடிக் கோட்டையின் காட்சிசாலைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்களாக. இரண்டையும் பார்த்தவரே அத்தீவைப் பார்த்தவர்.